கல்லைக் கட்டிப் போட்டால் போதுமா? சிறு பாய்ப் படகைக் கரையோரம் நிறுத்துவது பற்றி

கேள்வி, 5.8.2023

பழைய என்டர்பிரைஸ் வகைப் பாய்ப் படகு ஒன்றை வாங்கியிருக்கிறேன். பதின்மூன்று அடி நீளம். தொண்டிப் பக்கம் ஓட்டுகிறேன். கரையிலிருந்து முப்பது நாற்பது மீட்டரில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போக வேண்டும். சில நாள் இரவும் அங்கேயே விட வேண்டியிருக்கும். வல்லத்துக்காரர்கள் ஒரு கல்லைக் கயிற்றில் கட்டிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். என் படகு அவர்களுடையதில் கால்வாசி எடைகூட இல்லை. எனக்கும் கல்லே போதும், நங்கூரம் வீண் செலவு என்கிறேன். தவறா?

பதில், 6.8.2023, காலை

தவறு.

முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன், அதனால் கல்லிலிருந்தே தொடங்குகிறேன். 20 கிலோ கருங்கல் கடல்நீருக்குள் 12 கிலோதான். சிமென்ட் கட்டியாக இருந்தால் பதினொன்றரை. அது மணலில் புதைவதில்லை, சும்மா கிடக்கிறது. அதைப் பிடித்து வைத்திருப்பது உராய்வு ஒன்றே. எடையில் பாதி உராய்வு என்று தாராளமாக வைத்தாலும் 6 கிலோ இழுவைக்குக் கல் நகர ஆரம்பித்துவிடும்.

இனி காற்று. பாயை இறக்கி, மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து நிற்கும் உங்கள் படகு, பாய்மரம், கயிறு, படகின் உடல் எல்லாம் சேர்த்து ஒன்றரை சதுர மீட்டராவது காற்றுக்குக் காட்டும். மணிக்கு 27 கிலோமீட்டர் காற்றில் அதன் மேல் விழும் விசை சுமார் 5 கிலோ. கல் பிடிக்கும். அதே காற்று 54 கிலோமீட்டர் ஆனால் விசை 10 ஆகாது, 20 கிலோ ஆகும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. நீங்கள் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் படகு கல்லையும் இழுத்துக்கொண்டு புறப்பட்டிருக்கும்.

நங்கூரம் தன் எடையால் பிடிப்பதில்லை, தோண்டிப் பிடிக்கிறது. மூன்று கிலோ இரும்பு, தரையில் நாக்கை நன்றாக இறக்கிவிட்டால், 20 கிலோ கல்லைவிடப் பல மடங்கு தாங்கும்.

6.8.2023, இரவு

காலையில் எழுதியதில் இரண்டு பிழைகள்.

ஒன்று: படகு மூக்கைக் காற்றுக்கு நேராக வைத்து அடக்கமாக நிற்கும் என்று கணக்குப் போட்டேன். எந்தச் சிறு படகும் அப்படி நிற்பதில்லை. முளையில் கட்டிய கன்றுக்குட்டி போல இந்தப் பக்கம் ஓடும், கயிறு இறுகும், திரும்பி அந்தப் பக்கம் ஓடும். ஒவ்வொரு திருப்பத்திலும் விலாவைக் காற்றுக்குக் காட்டும். அலை தூக்கிப் போடும்போது வரும் வெட்டு இழுவை வேறு. ஆகவே 5 கிலோ, 20 கிலோ என்பவை குறைந்தபட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: வல்லத்துக்காரர்களைப் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே நம்பிப் பதில் எழுதிவிட்டேன். மாலையில் மண்டபம் ஊரின் வடகடல் கரைக்கு, அதாவது பாக் விரிகுடாப் பக்கம், போய்ப் பார்த்தேன். கல் இருக்கிறது, உண்மை. ஆனால் அது ஆள் படகில் இருக்கும்போது, தூண்டில் போடச் சற்று நேரம் நிற்பதற்கு. இரவு நிற்கும் வல்லங்கள் எல்லாவற்றிலும் நாலு நாக்கு இரும்பு நங்கூரம்தான். என் பக்கத்து வல்லத்துக்காரரிடம் கேட்டேன். "கல் படகைப் பிடிக்காது சார், நாம் படகில் இருக்கிறோம் என்பதால் படகு நிற்கிறது" என்றார். என் காலைப் பாடம் முழுவதையும் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

9.8.2023

நங்கூரம் எத்தனை கிலோ என்றே எல்லோரும் கேட்கிறார்கள். கயிறு எத்தனை மீட்டர் என்று யாரும் கேட்பதில்லை.

நங்கூரத்தைக் கிடைமட்டமாக இழுத்தால் இன்னும் ஆழமாகத் தோண்டும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நாம் அதை எடுக்கும் வழியே அதுதானே: நேர் மேலே வந்து நின்று தூக்குகிறோம். கயிற்றைக் குட்டையாக விடுகிறவர், இரவு முழுக்க நங்கூரத்தை மெல்ல மெல்லத் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

ஆழத்தைப் போல மூன்று பங்கு கயிறு விட்டால், கயிறு இறுகும்போது தரையோடு சுமார் 20 பாகைக் கோணம். ஐந்து பங்கு என்றால் பதினொன்றரை. ஏழு பங்கு என்றால் 8. சங்கிலி மட்டுமே என்றால் நான்கைந்து பங்கு போதும். நம்மைப் போல இரண்டு மூன்று மீட்டர் சங்கிலியும் மீதிக்குக் கயிறும் என்றால் ஏழு.

அந்த இரண்டு மீட்டர் சங்கிலியைக் கனம் என்று கழற்றி வீட்டில் வைக்காதீர்கள். நங்கூரத்தின் தண்டைத் தரையோடு படுக்க வைப்பது அதுதான். கல்லிலும் சிப்பியிலும் கயிறு அறுபடாமல் காப்பதும் அதுதான்.

10.8.2023

ஏழு பங்கு என்றேன், எதில் ஏழு பங்கு என்று சொல்லவில்லை. நான் இரண்டு ஆண்டுகள் செய்த தவறு இது.

ஆழம் ஒன்றரை மீட்டர். ஏழால் பெருக்கிப் பத்தரை மீட்டர் விட்டேன், திருப்தியாகக் கரைக்கு வந்தேன். ஆனால் கயிறு நீர்மட்டத்திலிருந்தா கிளம்புகிறது? அணியத்திலிருந்து, அதாவது முன்மூக்கிலிருந்து. அது நீருக்கு அரை மீட்டர் மேலே. பிறகு ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்றம், ஏறும், அதற்கு 60 சென்டிமீட்டர் வையுங்கள். மொத்தம் 2.6 மீட்டர். என் பத்தரை மீட்டர் கயிறு, ஏழு பங்கு என்று நான் நம்பியது, உண்மையில் நான்கு பங்குதான். வேண்டியது 18 மீட்டர்.

ஆழ்கடலில் நிற்கும் கப்பலுக்கு அணியத்தின் உயரம் பெரிய விஷயமில்லை. நமக்கு ஒன்றரை மீட்டர் தண்ணீர். அரை மீட்டர் என்பது மூன்றில் ஒரு பங்கு.

10.8.2023, சற்றுப் பிறகு

18 மீட்டர் விட்டால் படகின் நீளமும் சேர்த்து 22 மீட்டர் ஆரத்தில் சுற்றும். பக்கத்தில் நிற்பவர் ஐந்து மீட்டர் கயிற்றில் நின்றால் அவர் அசைய மாட்டார், நீங்கள் போய் இடிப்பீர்கள். குற்றம் யாருடையது என்ற வாக்குவாதத்தில் ஏழு பங்குக் கணக்கை எடுத்துச் சொல்லிப் பயனில்லை. சொல்லிப் பார்த்தவன் நான். இடம் நெருக்கமாக இருந்தால் வேறு இடம் தேடுங்கள்.

17.8.2023

நேற்று ஆடி அமாவாசை. ராமேசுவரம் போகும் பஸ் எல்லாம் நிரம்பி வழிந்தன. அக்னி தீர்த்தத்தில் கூட்டம் நீராடிக்கொண்டிருந்த நேரத்தில் என் படகு இங்கே தரையில் உட்கார்ந்திருந்தது.

பாக் விரிகுடாவில் ஓதம் சிறிது. அதை நம்பித்தான் ஏமாறுகிறோம். நீர் அரை மீட்டர்தான் இறங்குகிறது, ஆனால் தரை நூறடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் தட்டையாகப் போகும் இடத்தில் அந்த அரை மீட்டர் கரையை ஐம்பது மீட்டர் உள்ளே தள்ளிவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றும் அதிகம். நாளுக்கு நாள் நேரம் முக்கால் மணிக்கு மேல் தள்ளிப் போகும். நேற்று பார்த்த நேரத்தை இன்று நம்பக் கூடாது.

தரை தட்டுவது தானே பெரிய கேடில்லை. அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. சேற்றிலும் மணலிலும் படகு பாட்டுக்குச் சாய்ந்து படுக்கும். அடியில் தன் நங்கூரமே கிடந்தால்? என் படகின் அடிப்பலகையில் நாக்கு நுனி உரசிய கோடு இப்போது இருக்கிறது. நடுப்பலகையையும் (படகு பக்கவாட்டில் நழுவாமலிருக்க அடியில் இறக்கும் பலகை) சுக்கானையும் தூக்கி வைத்துவிட்டுத்தான் படகை விட்டு இறங்க வேண்டும். தூக்காவிட்டால் நடுப்பலகை உறைக்குள் சேறு ஏறிச் சிக்கிக்கொள்ளும். அதைப் பிடுங்க நான் நேற்று பட்ட பாடு இங்கே எழுதத் தக்கதல்ல.

19.8.2023

கயிறு வாங்கப் போகிறவருக்கு ஓர் எச்சரிக்கை. கடையில் பளபளக்கும் எல்லாக் கயிற்றுக்கும் பெயர் நைலான்தான். பச்சை, நீலம், மஞ்சள், எதைக் கேட்டாலும் "நைலான் சார்". ஒரு முழம் வெட்டி வாளித் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் நைலானாக இருக்க வாய்ப்புண்டு. மிதந்தால் நிச்சயம் இல்லை, பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலிஎதிலீன்.

மிதக்கும் கயிறு நங்கூரத்துக்கு ஆகாது. காற்றில்லாத நேரத்தில் நீர்மேல் பாம்பு போல நெளிந்து கிடக்கும், போகிற வல்லத்தின் இயந்திர விசிறியில் சிக்கும், அறுபடும். வெயிலில் ஓரிரு ஆண்டில் பொடிந்தும் போகும். நைலான் மூழ்கும்; அதைவிட முக்கியம், ரப்பர் போல நீளும். அலையின் வெட்டு இழுவையை நங்கூரத்துக்குப் போகவிடாமல் தானே விழுங்கிக்கொள்ளும். பாய் ஏற்றும் கயிறு நீளக் கூடாது, நங்கூரக் கயிறு நீள வேண்டும். ஆகவே பாயில் மீந்த நல்ல கயிற்றை நங்கூரத்துக்குக் கட்டும் சிக்கனம் வேண்டாம்.

கனம்: 8 மில்லிமீட்டரே இந்தப் படகுக்குத் தாங்கும். ஈரக் கையால் பிடித்து இழுக்க 10 வசதி.

3.9.2023

நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

ஜூலை மாதம். சோழகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று. வடகடலில் அந்தக் காலத்தில் காற்று கரையிலிருந்து கடலுக்குப் போகிறது. கரையோரத் தண்ணீர் குளம் போல இருக்கும். அந்த அமைதிதான் ஏமாற்றுவது. அலை இல்லை என்றால் காற்று இல்லை என்று மனம் நினைத்துக்கொள்கிறது. பெரிய பாயைக் கழற்றிச் சுருட்டிக் கரைக்குக் கொண்டுபோனேன். முன்பாயைக் கழற்றச் சோம்பல். சுற்றிக் கயிற்றால் இரண்டு கட்டுக் கட்டிவிட்டு வந்துவிட்டேன்.

இரவு இரண்டு மணிக்குக் காற்று அந்தக் கட்டை அவிழ்த்தது. முன்பாய் விரிந்தது. இனி அது நிற்கும் படகல்ல, ஆளில்லாமல் ஓடும் படகு. நங்கூரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி, ஒவ்வொரு கோடியிலும் வெட்டி இழுத்து, கடைசியில் கவிழ்ந்தது. கவிழ்ந்ததுதான் அதைக் காப்பாற்றியது என்று இன்றும் நினைக்கிறேன். பாய்மரம் சேற்றில் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. இல்லையென்றால் நங்கூரம் பிடுங்கி, தென்மேற்குக் காற்றில் நேராக இலங்கையின் நெடுந்தீவுத் திசைக்குப் பயணம். 1974-இல் இரு நாட்டு அரசுகள் கையெழுத்திட்டு வகுத்த கடல் எல்லையை விசா இல்லாமல் தாண்டிய முதல் என்டர்பிரைஸ் என்ற பெயர் அதற்குக் கிடைத்திருக்கும்.

காலையில் பக்கத்து வல்லத்துக்காரர்தான் வந்து சொன்னார். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையாக நானும் அவரும் அவர் மகனும் கழுத்தளவு தண்ணீரில் நின்று அதை நிமிர்த்தினோம். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து என் பழக்கம்: இரவு விடுவதென்றால் இரண்டு பாய்களும் வீட்டில். பெரிய பாயின் அடிக்கம்பும் கழன்று படகுக்குள்.

4.9.2023

"காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்த்து நங்கூரம் போடு" என்று தேசிய மாணவர் படையின் கடற்பிரிவில் சொல்லிக் கொடுத்தார்கள். அது பகலுக்குச் சரி. இரவு மூன்று மணிக்கு எங்கிருந்து வரும் என்று பார்த்துத்தான் படகை விட வேண்டும். பகலில் கடற்காற்று, இரவில் கரைக்காற்று. பருவக்காற்று ஓய்ந்த மாதங்களில் படகு ஒரே நாளில் முழு அரைவட்டம் திரும்பும். திரும்பும்போது நங்கூரம் எதிர்ப்பக்கமிருந்து இழுபடும், பிடுங்கி மறுபடி தோண்ட வேண்டும். நாலு நாக்கு மடக்கு நங்கூரத்தில் கயிறு ஒரு நாக்கில் சுற்றிக்கொண்டால் மறுபடி தோண்டாது.

12.9.2023

எந்த நங்கூரம் என்று விடாமல் கேட்கிறீர்கள்.

குடை போல மடங்கும் நாலு நாக்கு வகை: இடத்தை அடைக்காது, சாப்பாட்டு நேரத்துக்குப் போதும். மணலில் இரவை அதை நம்பி விட மாட்டேன். நாக்கு சிறியது, உழுது கொண்டே வரும். பாறையிலோ நன்றாகப் பிடிக்கும், எடுக்கத்தான் முடியாது. காளான் வடிவம்: ஏரிக்கு. டான்ஃபோர்த் வகை, இரண்டு தட்டையான அகல நாக்குகள் கீல் போலத் திரும்புவது: மணலுக்கும் சேற்றுக்கும் இதுதான். 3 கிலோ போதும். நான் வைத்திருப்பதும் இது. குறை உண்டு, சொல்லிவிடுகிறேன்: தாழை மேல் வழுக்கும், நாக்குக்கிடையில் ஒரு சிப்பியோ கல்லோ மாட்டிக்கொண்டால் கீல் திரும்பாது, வெறும் இரும்புத் துண்டாகிவிடும்.

கலப்பை வடிவ நங்கூரம் ஒன்று உண்டு, சி.க்யூ.ஆர். என்பார்கள். 1933-இல் அதை வடிவமைத்தவர் ஜி.ஐ. டெய்லர். ஆம், பாய்ம இயக்கவியல் (நீரும் காற்றும் ஓடும் விதத்தை ஆராயும் இயற்பியல்) படித்தவர்களுக்குத் தெரிந்த அதே கேம்பிரிட்ஜ் டெய்லர். அவரும் பாய்ப் படகுக்காரர். கடல் விமானங்களை நிறுத்த எடை குறைந்த நங்கூரம் வேண்டியிருந்தது, எடையைக் கூட்ட வழியில்லை, வடிவத்தை மாற்றினார். மூன்று எழுத்துகளையும் ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிப் பாருங்கள், 'செக்யூர்' என்று ஒலிக்கும். எடை அல்ல வடிவம் என்ற என் 6.8 குறிப்புக்கு இவ்வளவு பெரிய சாட்சி இருந்தும் அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை, வயது.

நம் பதின்மூன்று அடிக்கு அது தேவையில்லை. பெருமைக்காகச் சொன்னேன்.

24.9.2023

மேலே தாழை என்றது கரையில் மணக்கும் பூவை அல்ல. கடற்புல்லை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்கிறோம்.

அதன் மேல் நங்கூரம் போடாதீர்கள். முதல் காரணம் சுயநலம்: பிடிக்காது. வேர்ப்பின்னலின் மேல் சறுக்கும், அல்லது ஒரு கற்றையைப் பிடுங்கிக்கொண்டு வரும். நாக்கில் புல் சுற்றிய நங்கூரம் விளக்குமாற்றுக்குச் சமம். இரண்டாவது, அந்தப் புல் ஆவுளியாவின், அதாவது கடற்பசுவின், மேய்ச்சல் நிலம். தொண்டிக்கு வடக்கே, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததே இந்தப் புல்வெளிகளுக்காகத்தான். தெளிந்த நாளில் மேலிருந்தே பார்க்கலாம்: கருமையாகத் தெரிவது புல், வெளிறித் தெரிவது மணல். வெளிறிய இடத்தில் போடுங்கள்.

தென்கடலில் தீவில் இறங்கிச் சாப்பிடலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இறங்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. தடையை ஒதுக்கி வைத்தாலும், பவளப்பாரில் (பவளப்பாறையில்) நங்கூரம் போட்டால் பார் உடையும், உங்கள் நங்கூரமும் திரும்பி வராது. கட்டுச்சோற்றைப் படகிலேயே பிரியுங்கள்.

பாரில் மாட்டிய நங்கூரத்தை எடுக்க ஒரு வழி: அதன் தலைப்பக்கம், நாக்குகள் சேரும் இடத்தில், தனியாக மெல்லிய கயிறு கட்டி மேலே ஒரு மிதவை. மாட்டிக்கொண்டால் மிதவைக் கயிற்றை இழுத்தால் பின்பக்கமாகக் கழன்று வரும். நான் மிதவையாகக் காலித் தண்ணீர்ப் புட்டியைக் கட்டினேன். குளிக்க வந்த பையன்கள் அதைப் பார்த்து இழுத்து விளையாடினார்கள். நங்கூரத்தைப் பிடுங்குவதற்கென்றே கட்டிய கயிறு, கட்டிய வேலையைச் செவ்வனே செய்தது. கரையில் ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் இந்தக் கயிறு வேண்டாம்.

30.9.2023

நேற்றுப் பௌர்ணமி, நல்ல வற்று. நடந்தே போய் என் நங்கூரத்தைப் பார்த்தேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது இப்படிப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. நங்கூரம் அருமையாகப் புதைந்திருந்தது. அதையும் சங்கிலியையும் இணைக்கும் ஷேக்கிளின் திருகாணி முக்கால்வாசி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதமாக ஏழு பங்கு, எட்டுப் பாகை என்று எழுதிக்கொண்டிருந்த ஆள் நான்.

திருகாணியின் கண்ணில் ஒரு கம்பியை விட்டு ஷேக்கிளின் உடலோடு முறுக்கிவிட வேண்டும். கட்டடத்துக் கட்டுக்கம்பி வேண்டாம், உப்பில் மாதக்கணக்கில் தாங்காது. துருப்பிடிக்காத கம்பி கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக் பட்டையாவது போட்டு இறுக்குங்கள்.

முடிச்சு: சங்கிலியின் கடைசி வளையத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள், நுனியை நீள்கயிற்றின் மேல் கொண்டுவந்து அந்த இரண்டு சுற்றுக்குள்ளேயே விட்டு இறுக்குங்கள். பிறகு மேலே இன்னொரு அரை முடிச்சு. நீரில் நனைந்து தளர்ந்து இறுகினாலும் இது நழுவாது. கம்பத்தைச் சுற்றி நழுவாத கண்ணி வேண்டுமென்றால் பௌலைன். கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக் குறுக்கே செருகும் மாட்டுக்காரர் முடிச்சைக் காத்திருக்கும் நேரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். படகு ஆடுகிற ஆட்டத்தில் சுற்று சுற்றாக ஊர்ந்து அவிழும். மாடு இரவில் தூங்கும், படகு தூங்காது.

கயிறு அணியத்தின் விளிம்பில் உரசும் இடத்தில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாயில் ஒரு முழம் வெட்டி மாட்டுங்கள். நங்கூரம் இழுபட்டுப் போன படகுகளைவிடக் கயிறு தேய்ந்து அறுந்து போனவற்றையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

15.10.2023

கேட்டது கரையோரம் சாப்பாட்டு நேரத்துக்கு நிறுத்துவது. இரண்டரை மாதம் கழித்து அதற்கு வருகிறேன்.

கரையை நோக்கி வரும்போது நாற்பது மீட்டருக்கு முன்பே காற்றை எதிர்த்துத் திருப்பிப் பாயை இறக்குங்கள். காற்று பின்னால் இருக்கும்போது பாயோடு கரைக்கு வருவது, பிரேக் இல்லாத சைக்கிளில் மேட்டிலிருந்து இறங்குவது போல. நங்கூரத்தைக் கடற்பக்கம் இறக்குங்கள், எறியாதீர்கள்; எறிந்தால் சங்கிலி அதன் மேலேயே குவியும். துடுப்பால் கரைப்பக்கம் நகர்ந்துகொண்டே கயிற்றை விடுங்கள், பாதியில் ஒருமுறை இறுக்கி அது தோண்டிவிட்டதா என்று பாருங்கள். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பின்புறத்திலிருந்து இன்னொரு கயிற்றைக் கரைக்குக் கொண்டுபோய் முளையில் கட்டுங்கள். மூக்கு கடலைப் பார்த்திருக்க வேண்டும். என்டர்பிரைஸின் பின்புறம் தட்டையாக வெட்டியது; அலை அந்தப் பக்கம் வந்தால் நேராக உள்ளே ஏறும். நங்கூரத்தை ஒருபோதும் பின்புறத்திலிருந்து மட்டும் கட்டி விடாதீர்கள்.

முளைக்கு என்னிடம் ஒரு பழைய கடப்பாரை. இழுவைக்கு எதிர்ப்பக்கம் சாய்த்து அடிக்க வேண்டும்.

அடிக்கடி ஒரே இடத்தில் நிறுத்துவதாக இருந்தால் கொடிக்கயிறு முறை. ஆழத்தில் நங்கூரம், அதன் மிதவையில் ஒரு கப்பி, கரையில் முளை, இரண்டையும் சுற்றி ஒரே வளையமாகக் கயிறு. வளையத்தின் ஓரிடத்தில் படகைக் கட்டிவிட்டு மறுபக்கத்தை இழுத்தால் படகு தானாகக் கடலுக்குள் போகும், துணிக்கொடியில் வேட்டி போவது போல. முப்பது மீட்டருக்கு அறுபது மீட்டர் கயிறு ஆகும். அது நீர்மேல் மிதக்காமலிருக்க வலைக்குப் போடும் ஈயக்குண்டுகளை இடையிடையே கோத்துவிடுங்கள். கிணற்றுக் கப்பியை நான் முயன்றேன். ஒரே மாதத்தில் துருவேறி இறுகிவிட்டது.

24.10.2023

வாடை திரும்பிவிட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் சோழகக் காற்றைப் பற்றி எழுதியதை இப்போது தலைகீழாகப் படியுங்கள். வடகடலில் இனி காற்று கடலிலிருந்து கரைக்கு. நங்கூரம் இழுபட்டால் நெடுந்தீவு இல்லை, நேராகக் கரை. ஒவ்வொரு அலையும் படகைத் தூக்கித் தரையில் அடிக்கும், ஓரிரு மணி நேரத்தில் பலகை பிளக்கும். மண்டபத்துக்காரர்கள் இந்தப் பருவத்தில் தென்கடலுக்கு மாறுவது சடங்கல்ல. உங்கள் தொண்டியில் மாற்றிக்கொள்ள மறுபக்கக் கடல் கிடையாது. ஆகவே உங்களுக்கு என் பதில்: இனி ஜனவரி கடைசி வரை இரவில் தண்ணீரில் விடாதீர்கள். எத்தனை நங்கூரம் போட்டாலும்.

13.11.2023

தீபாவளிக்கு வந்த மருமகன், "படகு கரையில் இருப்பதைவிடத் தென்கடலில் மிதந்தால் நல்லதுதானே" என்றார். மழைக் கணக்கைச் சொன்னேன். திறந்த பகுதி இரண்டரை சதுர மீட்டர். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 250 லிட்டர், 250 கிலோ. படகின் எடையே நூறு கிலோவுக்குள். அடியில் தண்ணீர் தானே வெளியேறும் வால்வு இருக்கிறதே என்றார். அது படகு ஓடும்போதுதான் உறிஞ்சும், நிற்கும்போது சில சமயம் உள்ளே விடும். அவர் பொறியாளர், ஒப்புக்கொண்டார். அதிரசம் எடுத்துக்கொண்டார்.

6.12.2023

சென்னை மூழ்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கரைக்குப் போய் என் படகை மறுபடி இறுக்கிக் கட்டினேன்.

கரையேற்றினால் கட்ட வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு: நூறு கிலோ படகைக் காற்று புரட்டும். பாய்மரத்தைக் கழற்றுங்கள். பனந்துண்டுகளின் மேல் உருட்டி, அலை ஏறிய குப்பைக்கோட்டுக்கு மேலே இன்னும் பத்து மீட்டர் கொண்டுபோங்கள். குப்புறக் கவிழ்த்து இரண்டு பக்கமும் கட்டுங்கள். பக்கத்தில் பனை இல்லையென்றால் சாக்கில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கால் ஆழத்தில் புதையுங்கள். புதைத்த மண்மூட்டை அசையாது, 6.8-இல் நான் கேலி செய்த கல்லைக்கூடப் புதைத்தால் நன்றாகப் பிடிக்கும்.

20.12.2023

சிங்கப்பூரிலிருந்து ஒருவர்: படகுத்துறைக் கம்பத்தில் கட்டினால் ஓதம் இறங்கும்போது படகு தொங்குகிறது, தளர்த்திக் கட்டினால் அலைகிறது.

அங்கே பெரிய ஓதத்தில் மூன்று மீட்டர் ஏறி இறங்கும், என் ஊர்ப் பழக்கம் செல்லாது. ஆனால் விடை பிதாகரஸிடம் இருக்கிறது. கம்பத்துக்கு நேர் கீழே குட்டையாகக் கட்டினால் மூன்று மீட்டர் இறக்கத்துக்கு மூன்று மீட்டர் கயிறு தளர்வு வேண்டும். அதையே முன்னும் பின்னும் பத்து மீட்டர் தள்ளியிருக்கும் கம்பங்களுக்குக் கிடையாக ஓட்டுங்கள். மூன்று மீட்டர் இறங்கினால் பத்து மீட்டர் கயிறு பத்து மீட்டர் 44 சென்டிமீட்டராக நீள வேண்டும், அவ்வளவே. அந்த 44-ஐயும் கொஞ்சம் கூடுதலும் தளர்வாக விட்டால் போதும். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு.

7.1.2024

ஒரு பின்குறிப்பு. கரையேற்றியதும் மழைநீர் தேங்காமலிருக்கப் பின்புறத் தண்ணீர்த் துளையின் தக்கையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எது என்று தெரியாமல் வீட்டில் யாரோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். இன்று தென்கடலில் இறக்கலாம் என்று படகைத் தள்ளிய பிறகு, கணுக்கால் நனைந்த பிறகே நினைவு வந்தது.

பக்கத்து வல்லத்துக்காரர் ஒரு வாழைப்பழத்தைப் பாதியாக ஒடித்துத் துணியில் சுற்றி அடைத்துவிட்டு, கைம்மாறாக என் ரப்பர் குழாயில் இரண்டு முழம் வெட்டி வாங்கிக்கொண்டு போனார். அவர் வல்லத்துக் கயிறும் விளிம்பில் தேய்கிறதாம்.